கோதண்டத்தின் துண்டு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரை யாராவது மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விடுவார்களா?

நான் விட்டேன். அதன் பலன்... போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் மேல் நானும் என் மனைவி ரேவதியும் எங்கள் பன்னிரண்டு வயதுக் காரும் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். மூவரில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

அல்சூரில் கிளம்பி சில்க் போர்டு ஜங்ஷன் தாண்டும்வரை ஊர்ந்தே வந்த கார். பாலத்தில் ஏறியதும்தான் ஆக்ஸிலரேட்டரை ஆசையாக ஓர் அழுத்து அழுத்தினேன். அறுபது... எழுபது... எண்பதைத் தொடும்போது ஒரு விக்கல். அப்புறம் ஓர் இருமல். அப்புறம் டேஷ்போர்டில் இருக்கிற அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்தது. பிறகு அமைதி. மிச்சமிருந்த வேகத்தில் உருட்டிச் சுவரோரம் சேர்த்தேன்.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணுமில்ல.”

கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். நான் சொல்லும் ‘ஒண்ணுமில்ல’வுக்கு என்ன அர்த்தம் என்று ரேவதிக்குத் தெரியும். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

பொம்மசந்திராவில் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் தங்கை சாந்திக்குப் பதினொரு மணிக்கு ஆபரேஷன். பத்தே முக்காலுக்கு உள்ளே அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் பயணத்தின் நோக்கம்.

இதில் என்ன பெரிய விஷயம், ஆபரேஷன் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே என்கிறீர்களா? அக்காவும் தங்கையும் பேசி மூன்று வருடமாகிறது. காரணம் — வாரா வாரம் பத்திரிகையில் வரும் இந்தப் பத்தி. இதை எழுதும் இந்தக் கை.

நீண்டநாள் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். மூன்று வருடம் முன்பு, எங்கள் வீட்டுக்கு மைத்துனி வருகிற அழகை எழுதியிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஃப்ரிட்ஜைத் திறப்பாள், தயிரை முகர்ந்து பார்ப்பாள், கத்தரிக்காயின் பிறந்த தேதியைக் கேட்பாள், ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பெருமூச்சு விடுவாள் என்றெல்லாம். நிறைய பேர் சிரித்தீர்கள். கடிதம்கூடப் போட்டீர்கள்.

சாந்தி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஒரு டீச்சர், அதை ஸ்டாஃப் ரூமில் கன்னடத்தில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டார். என் எழுத்து வேற்று மொழிக்குப் போனது அந்த ஒரு தடவைதான். அன்றிலிருந்து பிள்ளைகள்வரை அவளுக்கு ‘ஃப்ரிட்ஜ் மேடம்’ என்று பெயராகிவிட்டது.

சாந்தி அக்காவுக்குப் போன் செய்து அழுதாள். ரேவதி என்னை விட்டுக்கொடுக்காமல், “சும்மா ஜோக்குதானேடீ” என்றாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. பிறகு மணி அடிக்கவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் ஏன் ஃப்ரிட்ஜைத் திறந்தாள் என்பது எனக்கு அப்போதே தெரியும். மீந்துபோனதைத் தூக்கிப் போட மனசு வராமல் தானே தின்று தீர்த்து, வயிற்றைக் கெடுத்துக்கொள்கிற அக்கா அவளுக்கு. எனவே வந்ததும் பழையதையெல்லாம் எடுத்துக் கொட்டிவிடுவாள். இதை எழுதியிருந்தால் சிரிப்பு வந்திருக்காது. ஆகவே எழுதவில்லை.

போன புதன்கிழமை சாயங்காலம், மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் போன் அடித்தது. “வயித்துல ஒரு கட்டி. வெள்ளிக்கிழமை எடுக்கறாங்க. பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்றாரு. நீ வரணும்னு இல்ல... சொல்லணும்னு தோணிச்சு.” ரேவதி ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது. கேட்காத ஒரு வரியும் இருந்திருக்கிறது. அது அப்புறம்.

வரணும்னு இல்லை என்று ஒருவர் மெனக்கெட்டுப் போன் செய்து சொன்னால் என்ன அர்த்தம்? அது எனக்கே புரிந்தது.

ஆகவே மறுநாள், முன்னெச்சரிக்கையாக, காரை மர்பி டவுனில் இருக்கும் கோதண்டத்திடம் கொண்டுபோனேன். பதினைந்து வருடப் பழக்கம். தகரக் கூரை போட்ட சின்ன கேரேஜ். நல்ல கைகாரர்.

“இன்னா சார் பிராப்ளம்?”

“ஒரு பிராப்ளமும் இல்ல கோதண்டம். நாளைக்கு ஒரு முக்கியமான இடத்துக்குப் போகணும். எல்லாத்தையும் ஒருவாட்டி பாத்துடுங்க.”

“பிராப்ளம் இல்லாத வண்டிய இன்னாத்துக்கு சார் தொறக்கணும்?” என்றார். கேட்டிருக்க வேண்டும். நான்தான் கேட்கவில்லை.

அவர் பானெட்டைத் திறந்து குனிந்தார். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். அரசியல், கிரிக்கெட், எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரி என்று இரண்டு மணி நேரம். தகரக் கூரை. நல்ல வெயில். அவர் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு கல்யாணத் தாம்பூலப் பையில் கொடுத்த ஈர டிஷ்யூ பாக்கெட் காரில் கிடந்தது. ரோஜா வாசனை. அவர் கை நெற்றிக்குப் போகும்போதெல்லாம் ஒன்றை உருவி நீட்டினேன். “ஐயோ, இன்னாத்துக்கு சார்” என்று கூச்சப்பட்டபடியே வாங்கித் துடைத்துக்கொண்டார். எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

வண்டியை எடுக்கும்போது, “முன்னைவிட சத்தம் கம்மியா இருக்கே கோதண்டம்!” என்று வேறு பாராட்டினேன்.

சரி... பாலத்துக்கு வருவோம்.

கார் நின்றால் ஓர் ஆண்மகன் என்ன செய்ய வேண்டும்? இறங்கி, பானெட்டைத் திறந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். நானும் இறங்குவதற்கு முன் காலடியில் இருந்த நெம்புகோலை இழுத்தேன். பெட்ரோல் டேங்க் மூடி திறந்துகொண்டது. 

கோதண்டத்துக்குப் போன் செய்தேன். பிஸி. மறுபடி செய்தேன். பிஸி. கேப் புக் செய்தால், டிரைவர் மேம்பாலத்துக்குக் கீழே நின்றுகொண்டு, “எல்லி சார் இதிரா?” என்று நான் நிற்கும் இடத்தைக் கேட்கிறார். மேலே இருக்கிறேன் என்று சொல்லலாம். அவர் எப்படி மேலே வருவார்? திரும்பிப்போய் முதலிலிருந்து ஏற வேண்டும். கேன்சல் செய்துவிட்டார்.

நான் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரும்பினால், பக்கத்தில் ரேவதி இல்லை. முப்பதடி தள்ளி, பாலத்துச் சுவரோரமாக, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறாள்! பக்கத்தில் கம்பெனி பஸ்களும் கேப்களும் உஸ் உஸ்ஸென்று போகின்றன.

“ஏய், எங்க போறே?”

“பொம்மசந்திராவுக்கு.”

“பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்!”

“இங்க நின்னா குறையுமா?”

அதற்குள் பைக்கில் ஒரு டோல் ரோந்துக்காரர் வந்து அவள் முன்னால் நிறுத்தினார். “அம்மா, இல்லி நடீபாரது!” என்று, இங்கே நடக்கக் கூடாதென்று கையை விரித்தார். ரேவதி பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைவிடக் கன்னடத்தில்தான் அவளுக்குக் கோபம் நன்றாக வரும். ஆனால் அன்றைக்குக் கோபம் வரவில்லை. “நன் தங்கிகே ஆபரேஷன் இதெ அண்ணா” என்று மட்டும் சொன்னாள். அந்த மனிதரின் விரித்த கை இறங்கிவிட்டது.

கிரேனுக்குச் சொல்லியாகிவிட்டதாம், அரை மணியாவது ஆகுமாம். பைக்கில் பின் சீட்டைக் காட்டினார். ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போய் பாலம் இறங்கும் இடத்தில் விடலாம், அங்கே ஆட்டோ கிடைக்கும் என்றார்.

“போ ரேவதி, ஏறு. நான் வண்டிகூட இருக்கேன்” என்றேன்.

ஏறவில்லை. “நான் மட்டும் போய் என்ன பண்றது?” என்றாள்.

“என்ன பண்றதா? உன் தங்கச்சிடீ!”

“அன்னிக்குப் போனை வைக்கறப்போ கடைசியா என்ன கேட்டா தெரியுமா? ‘மாமா வருவாரா’ன்னு கேட்டா. நான் தனியா போய் நின்னா, நீங்க வரலைன்னுதானே நினைச்சிக்கிட்டு உள்ளே போவா?”

ரோந்துக்காரருக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது என் போன் அடித்தது. கோதண்டம்.

“இன்னா சார், எப்பப் பாத்தாலும் பிஸியாவே இருக்கு!” நான் அவருக்கு அடித்த நேரமெல்லாம் அவர் எனக்கு அடித்திருக்கிறார். “சார், என் துண்டு உங்க வண்டில இருக்கா பாருங்க. சிவப்பு கட்டம் போட்டது. நேத்துலேர்ந்து காணோம்.”

“துண்டா? கோதண்டம், கார் நின்னுபோச்சு. மேம்பாலத்து மேல நிக்கிறோம்!”

கோதண்டம் மறுபடி துண்டுக்கே வந்தார்.

“சார்... துண்டு பின் சீட்ல இல்லல்ல?”

எட்டிப் பார்த்தேன். “இல்ல.”

“டிக்கில?”

திறந்து பார்த்தேன். “அங்கயும் இல்ல.”

“கடவுளே...” என்றார். “சார், பானெட்ட தொறங்க.”

பிறகு அவரே சொன்ன விஷயம் இதுதான். இன்ஜினில் எந்தத் துளை திறந்திருந்தாலும், உள்ளே ஒன்றும் விழாமலிருக்கத் துணி வைத்து அடைப்பார்கள். மற்ற மெக்கானிக்குகள் வேஸ்ட் துணியை வைப்பார்கள். கோதண்டம் மட்டும் தன் தோள் துண்டையே வைப்பார். “வேஸ்ட் துணின்னா மறந்துடும் சார். என் துண்டுன்னா மறக்கவே மறக்காது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒருவாட்டி மூஞ்சி தொடைக்கக் கை தோளுக்குப் போகும். அங்க துண்டு இல்லன்னா, எங்கயோ தொள தொறந்திருக்குன்னு ஞாபகம் வந்துடும். இருபத்தஞ்சு வருஷத்துல ஒருவாட்டிகூட தப்புனதில்ல.”

இருபத்தைந்து வருடம் தப்பாத ஏற்பாடு. பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து, ரோஜா வாசனை டிஷ்யூவை நீட்டும்வரை.

ஆக, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் துண்டு. மெதுவாகப் போனவரை ஓரமாகக் கிடைத்த காற்றில் கார் எப்படியோ ஓடியிருக்கிறது. நான் பாராட்டிய அந்த அமைதி, மூச்சுத் திணறுகிறவரின் அமைதி. பாலத்தில் வேகம் பிடித்து இழுத்ததும் துண்டு போய் வாயை அடைத்துக்கொண்டது.

ரோந்துக்காரர் சரியான நெம்புகோலைக் காட்டினார். போனை ஸ்பீக்கரில் போட்டேன். கறுப்பு டப்பா, நான்கு க்ளிப், அதைக் கழற்றினால் ஏர் ஃபில்டர், அதைத் தூக்கினால் அடியில் ஒரு குழாய் வாய் — கோதண்டம் சொல்லச் சொல்லத் திறந்துவிட்டோம். சிவப்புக் கட்டம் கொஞ்சம் தெரிந்தது. ஆனால் என் கை உள்ளே போகவில்லை. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிற கை.

“தள்ளுங்க” என்றாள் ரேவதி. வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். கையை முழங்கைவரை விட்டு இழுத்தாள். மேஜிக்காரன் தொப்பியிலிருந்து எடுப்பதுபோல, வந்தது... வந்தது... வந்துகொண்டே இருந்தது.

“அம்மா! ஸ்டார்ட் பண்ணாதீங்க! துண்டு முழுசா இருக்கா பாருங்க. துளி உள்ள போயிருந்தாலும் இன்ஜின் போச்சு. நாலு மூலையும் இருக்கா?”

காரின் முகத்தில் துண்டை விரித்தோம். ஒரு மூலை. இரண்டு. மூன்று... நான்காவது மூலை இல்லை.

ரேவதி என்னைப் பார்த்தாள். மணி பத்தே கால்.

“ஒரு மூலை இல்ல கோதண்டம்” என்றேன்.

“கிழிஞ்சிருக்கா, பொசுங்கியிருக்கா? கரெக்டா சொல்லுங்கம்மா.”

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். “ஓரமெல்லாம் கறுப்பா, கெட்டியா இருக்குப்பா.”

“அது பழசும்மா! போன வருஷம் சைலன்சர்ல பட்டு பொசுங்கினது! எடுங்கம்மா வண்டிய, ஜல்தி!”

முதல் தடவை உறுமியது, நின்றது. இரண்டாம் தடவை இருமியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. ரோந்துக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போய், டோல் வரைக்கும் எங்களுக்கு வழி விலக்கிக்கொண்டே போனார். முதலமைச்சருக்குப் போவதுபோல. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

வழியெல்லாம் மனசுக்குள் ஒரு மன்னிப்பு தயாரித்தேன். மூன்று பாரா. நடுவில் லேசான நகைச்சுவை, முடிவில் உருக்கம். எழுதுகிறவனுக்கு இது ஒரு வியாதி.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவு திறக்கும்போது ஸ்ட்ரெச்சர் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தது. பச்சைத் துணி போர்த்தி, தலையில் தொப்பி மாட்டி... சாந்தி அவ்வளவு சின்னதாக இருப்பாள் என்று நான் நினைத்ததில்லை. பக்கத்தில் அவள் கணவர், என் சகலை, கையில் அவள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

“சாந்தி!”

ஸ்ட்ரெச்சர் நின்றது. ரேவதி ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப்போனாள். நர்ஸ் குறுக்கே வந்துவிட்டார். “அம்மா, கை நோடி!” என்று அவள் கையைக் காட்டினார்.

முழங்கைவரை கறுப்பு. நகத்துக்குள் கறுப்பு.

சாந்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அக்காவை நேரில் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி: “என்னக்கா கை இது?”

“கார் நின்னுபோச்சு. ரிப்பேர் பண்ணிட்டு வந்தேன்.”

“நீயா? மாமா என்ன பண்ணாரு?”

“வளையலைப் பிடிச்சிக்கிட்டிருந்தார்.”

சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். அப்போதுதான் பார்த்தேன் — வளையல்கள் இன்னும் என் கையில்தான் இருக்கின்றன.

நான் பக்கத்தில் போனேன். மூன்று பாராவையும் காணோம். “சாந்தி... அன்னிக்கு நான் எழுதினது தப்பு. நீ எதுக்கு அப்படிச் செஞ்சேன்னு தெரிஞ்சும் எழுதினேன்” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

என்னையே பார்த்தாள். “வாரா வாரம் இவ்ளோ எழுதறீங்க மாமா... இந்த ஒரு வரி கிடைக்க மூணு வருஷமா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

நர்ஸ் அவசரப்படுத்தினார். ரேவதி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். குனிந்து, தன் நெற்றியைத் தங்கையின் நெற்றியில் வைத்தாள். ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் படுகிற தூரம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. எனக்குக் கேட்காத இரண்டாவது வரி அது. கேட்க முயற்சியும் செய்யவில்லை. முன்னேற்றம்தானே?

கதவு மூடிக்கொண்டது.

காத்திருக்கும்போது கோதண்டம், போனில் ஆஸ்பத்திரிப் பெயரைக் கேட்டுக்கொண்டு, ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். கேரேஜைப் பூட்டிவிட்டு அவ்வளவு தூரம். “என் தப்பு சார். இனிமே உங்க வண்டிய வேற எடத்துல காட்டுங்க” என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஐம்பது வயது மனிதர். பார்க்க முடியவில்லை. “உங்க தப்பு இல்லங்க. நான் டிஷ்யூ கொடுக்காம இருந்திருந்தா உங்க கை தோளுக்குப் போயிருக்கும். வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னும் நல்லது” என்றேன். துண்டைக் கொடுத்தேன். வாங்கி, உதறி, தோளில் போட்டுக்கொண்டு, கடைசிவரை எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

யோசித்துப் பார்த்தால், நான் கெட்ட எண்ணத்தோடு யாருக்கும் எதுவும் செய்ததில்லை. டிஷ்யூ அன்பில் கொடுத்தது. அந்தப் பத்திகூடப் பிரியத்தில் எழுதியதுதான். ஆனால் ஒருவர் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தால், அதற்குள் ஒரு காரணம் இருக்கும். துண்டில் இருக்கும், தயிரை முகர்ந்து பார்ப்பதில் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் நடுவில் கையை நீட்டுவதும், தெரிந்துகொண்டே கேலி செய்வதும்... எது மோசம்? இரண்டாவதுதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரண்டரை மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, கவலைப்படும்படி எதுவும் தெரியவில்லை என்றார். ரேவதி அதற்குப் பிறகுதான் கையைக் கழுவப் போனாள்.

நேற்று சாந்தி வீடு திரும்பினாள். இந்தப் பத்தியை அனுப்புவதற்கு முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இனி அதுதான் சட்டம். தலையணையில் சாய்ந்துகொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி படித்தாள். நெற்றியோடு நெற்றி வைத்த இடத்தில், ‘சாந்தி அழுதாள்’ என்று எழுதியிருந்தேன்.

“நான் எங்க மாமா அழுதேன்? அக்காதான் அழுதா.”

“நானா? என் கன்னத்துல பட்டது உன் கண்ணீர்டீ!”

“உன்னுது கீழ விழுந்து என்மேல பட்டிருக்கும். நீதானே மேல இருந்தே?”

“மூக்கை உறிஞ்சினது யாரு?”

அரை மணி நேரம். தையல் பிரிந்துவிடப் போகிறது என்று சகலை பயந்தார். கடைசியில் இருவரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்து, அந்த வரியை அடித்துவிட்டுத் திருத்தமும் சொன்னார்கள். அதை அப்படியே போடுகிறேன்:

அன்றைக்கு அந்த வராந்தாவில் அழுதது நான் மட்டும்தான்.